கம்ப்யூட்டர் சிப்பும் க்ஷேத்திர கணிதமும்
(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து காபி சாப்பிடும்போது ஒரு மாமா கேட்டார்: "என் மாட்டுப்பெண் இரண்டு வாரமாக ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வருகிறாள். கேட்டால் 'டேப்-அவுட்' என்கிறாள். அப்படியென்றால் என்ன?" அவருக்கான பதில்தான் இன்றைய பேச்சு.

சிப் பல அடுக்குகளாகக் கட்டப்படுகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் 'மாஸ்க்' என்று ஒரு தட்டு உண்டு. பெரும்பாலும் அது குவார்ட்ஸ் தட்டு. மேலே குரோமியத்தில் வடிவங்கள் இருக்கும். ஒளியை அதன் வழியே செலுத்தி, நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி, சிலிக்கான் மேல் விழச் செய்கிறார்கள். மாஸ்க் செய்ய வரைபடத்தை ஒப்படைப்பதே டேப்-அவுட். அதற்குப் பின் தப்பு தெரிந்தால் மாஸ்க்கைப் புதிதாகச் செய்ய வேண்டும். பணமும் போகும், மாதங்களும் போகும்.

1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சிப்பில் சுமார் 2,300 டிரான்ஸிஸ்டர்கள். அதன் வடிவங்களைச் சிவப்புப் படலத்தில் கையால் வெட்டினார்கள். இன்று ஒரு சிப்பில் கோடிக்கணக்கான வடிவங்கள். எது எதோடு ஒட்டுகிறது, எங்கே இடைவெளி போதவில்லை என்று கம்ப்யூட்டர்தான் பார்க்க வேண்டும். 10 லட்சம் வடிவங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டால் சுமார் 50,000 கோடி ஜோடிகள். அது கட்டுப்படியாகாது.

1979இல் பென்ட்லி, ஆட்மன் என்ற இருவர் ஒரு நல்ல வழியை வெளியிட்டார்கள். சென்னை–மும்பை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். அரக்கோணத்தில் இறங்கிவிட்டவருக்கும் சோலாப்பூரில் ஏறுபவருக்கும் பெர்த் தகராறு வர வழியே இல்லை. இந்த நிமிஷம் வண்டியில் இருப்பவர்களை, அதிலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவர்களை மட்டும் பார்த்தால் போதும். அதேபோல, ஒரு செங்குத்துக் கோடு படத்தின் மேல் இடமிருந்து வலமாக நகர்கிறது. அது தொடும் வடிவங்களை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, அண்டையில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிடுகிறோம். வேலை சில கோடிப் படிகளில் முடிந்துவிடும்.

காகிதத்தில் இது சரி. கம்ப்யூட்டரிலோ புள்ளிகள் கட்டம் போட்ட தாளில் இருப்பது போல முழு எண்களில்தான் இருக்கும். இரண்டு சாய்கோடுகள் வெட்டும் இடம் அரைக் கட்டத்தில் விழலாம். அதைப் பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினால் சில சமயம் மேல்–கீழ் வரிசையே மாறிவிடும். புரோகிராம் உள்ளே இருப்பதை வெளியே என்று எண்ணிவிடும்.

2004இல் என் கையாலேயே இது நடந்தது. மாஸ்க் எழுதும் இயந்திரத்துக்காக வடிவங்களைச் சிறு சரிவகங்களாக வெட்டும் புரோகிராம் என்னுடையது. டேப்-அவுட்டுக்கு முதல் நாள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பெண் வந்து, "ஸார், வெட்டுவதற்கு முன்னும் பின்னும் மொத்தப் பரப்பளவு கொஞ்சம் வித்தியாசப்படுகிறது" என்றாள். "ரவுண்டிங்கில் அப்படித்தான் வரும்மா, விடு" என்றேன். மூன்று மாதம் கழித்து வந்த சிப் வேலை செய்யவில்லை. ஓர் உலோக அடுக்கில் ஒரே ஒரு சரிவகத்தைக் காணோம்.

விசாரணைக் கூட்டத்தில் புரோகிராமின் தவறு என்று ஒப்புக்கொண்டேன். அவள் முன்பே எச்சரித்ததை மட்டும் சொல்லவில்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் எல்லோர் முன்னிலும் சொன்னேன். அதன் பிறகு, வெட்டிய படத்தை மூலப்படத்தின் மேல் வைத்து, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதது எது என்று பார்க்காமல் எங்கள் குழுவிலிருந்து எதுவும் வெளியே போனதில்லை. அந்தச் சோதனையை எழுதியவள் அவள்தான்.

ஆகவே மாமா, உங்கள் மாட்டுப்பெண் நேரம் கழித்து வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏதோ ஒரு சின்னக் கணக்கு இடித்திருக்கும்; அதை விடாமல் பார்த்துவிட்டு வருகிறாள். சாதத்தை மட்டும் சூடாக எடுத்து வையுங்கள்.