நின்று போனது எந்திரமா, ஏஜென்டா?

நூற்றுக்கணக்கான சுவிட்சும் ரவுட்டரும் உள்ள அலுவலகத்தில், நெட்வொர்க்கைக் கவனிப்பவர் ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பார்ப்பதில்லை. இருந்த இடத்திலிருந்தே விசாரிக்கிறார். பதில் சொல்ல ஒவ்வொரு கருவிக்குள்ளும் ‘ஏஜென்ட்’ என்ற சின்ன மென்பொருள் காத்திருக்கிறது. இருவரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எஸ்என்எம்பி என்று பெயர். அது 1988-இல் வரையறுக்கப்பட்டது. 1990-இல் இன்டர்ஆப் கண்காட்சியில் ஜான் ராம்கி இதே முறையில் ஒரு டோஸ்டரை இணையம் வழியாகப் போட்டு அணைத்துக் காட்டினார். ரொட்டியை மட்டும் ஆள்தான் வைக்க வேண்டியிருந்தது!

புதுக் கருவியிடம் வழக்கமாக முதலில் கேட்பது ‘சிஸ்டம்’ தொகுதியைத்தான்: என்ன கருவி, பேர் என்ன, எங்கே இருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும். இவற்றுள் சுவாரஸ்யமானது ‘சிஸ்அப்டைம்’, அதாவது ஓடத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்ற கணக்கு.

கணக்கு நொடியில் நூறில் ஒரு பங்காக ஏறுகிறது. அதைத் தாங்கும் எண் 32 பிட். 4,294,967,295 வரை போகும். நாளாக்கினால் 497 நாள், 2 மணி, 27 நிமிடம், 52 நொடி. அடுத்த நொடியில் மறுபடி பூஜ்யம்! எந்திரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் கண்காணிக்கும் மென்பொருள் சரியாக எழுதப்படாததாக இருந்தால், ‘ரீபூட் ஆகிவிட்டது’ என்று நடுராத்திரியில் ஆளை எழுப்பிவிடும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல லினக்ஸ் சர்வர்களில் இது எந்திரத்தின் வயதல்ல, ஏஜென்டின் வயது. ஏஜென்டை மட்டும் நிறுத்தித் தொடங்கினாலும் பூஜ்யமாகும். எந்திரத்தின் கணக்கு ‘எச்ஆர்சிஸ்டம்அப்டைம்’ என்ற வேறொரு இடத்தில் இருக்கிறது. விவரம் தெரிந்தவர் இரண்டையும் கேட்பார். இரண்டுமே சின்ன எண் என்றால் பெரும்பாலும் எந்திரமே விழுந்து எழுந்திருக்கிறது. முதலாவது மட்டும் சின்னது என்றால் ஏஜென்டைத்தான் யாரோ தொட்டிருக்கிறார்கள்.

இவை எந்திரமே எண்ணிச் சொல்பவை. இருப்பிடமும் பொறுப்பாளரும் அப்படியல்ல, மனிதர் தட்டச்சு செய்பவை. டெபியன் லினக்ஸில் வரும் ஏஜென்டின் அமைப்புக் கோப்பில் இருப்பிடமாக ஓடிஸ் ரெடிங்கின் பிரபலமான பாட்டொன்றை நினைவூட்டும் வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். யாரும் மாற்றாவிட்டால், பழுதான சர்வர் எந்த அறையில் இருக்கிறது என்று பதறிக் கேட்பவருக்கும் அதே பாட்டுதான் பதில்.

நேரம் முடியப் போகிறது, ஒன்றே ஒன்று. எஸ்என்எம்பியின் பழைய பதிப்புகளில் கேட்பவரை அடையாளம் காட்டும் சொல் மறைக்கப்படாமலே கம்பியில் போகிறது. பல கருவிகளில் அது ‘பப்ளிக்’ என்றே விடப்பட்டிருக்கிறது. மூன்றாம் பதிப்பில் சங்கேதம் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கும் நிர்வாகிகள் அதற்கு மாறுவார்கள், இருப்பிடத்தில் அறை எண்ணையும் போட்டு வைப்பார்கள் என்று நம்புவோம்.