எழுதப்படாதது எண்ணப்படாது
(வெள்ளிவிழாவில் ஆற்றிய உரை)



நம் சங்கத்தில் பயின்ற இளைஞர் சிலர் இன்று மருத்துவக் குறியீட்டுப் பணியில் அமர்ந்துள்ளனர். அப்பணியின் பொறுப்பினை ஒரு நோயைக்கொண்டு விளக்க விழைகின்றேன்.

பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில், நுரையீரலிலேயே தோன்றிய புற்றுநோய்க்குரிய குறியீடு சி34. மேல்மடலெனில் சி34.1, நடுமடலெனில் சி34.2; கீழ்மடலெனில் சி34.3. இடம் குறிக்கப்படாவிடின் சி34.9. வேறோர் உறுப்பிலிருந்து பரவியதாயின் சி78.0. நடுமடல் வலப்பக்கத்திற்கே உரியது. 'இடது நடுமடல்' என்று குறிப்பு வந்தால் மருத்துவரைக் கேட்டுத் தெளிய வேண்டுமேயன்றி, தாமாக ஊகித்தல் தகாது.

தொழிலிடத் தூசிக்கும் இசட்57.2 எனத் தனிக்குறியீடு உண்டு. கல்நார்த் தூசியும் சிலிக்காத் தூசியும் இந்நோயை விளைவிக்க வல்லவை. ஆயினும், தொழில் என்னுமிடத்தில் 'கூலி' என்று மட்டும் எழுதி முடித்தால், கல்லுடைத்தவர் சுவாசித்த தூசி எக்கணக்கிலும் ஏறாது. கணக்கில் ஏறாத துன்பத்திற்கு நிவாரணம் கேட்பது எங்ஙனம்?

நம் முன்னோர் பிறர் எழுதிய ஏட்டில் கைநாட்டு வைத்தனர். இன்று எழுதுகோல் நம் கையில். மருத்துவம் பயில்வோரே, செவிலியரே! என்ன வேலை, எத்தனை ஆண்டு எனக் கேட்டு எழுதுங்கள். குறியீட்டாளர்களே! எழுதியதில் ஒன்றையும் விடாது ஏற்றுங்கள்.