‘கர்ப்பப்பையை எடுத்துடலாம்’னு சொன்னாங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கடன் வாங்கித் திருப்பிக் கட்டத் தெரியும், தீர்மான நோட்டு எழுதத் தெரியும். மைக்கைப் பிடிச்சுப் பேசினது இல்லை. எங்க குழு ஊக்குநர் அக்கா, “நீ பட்டதைச் சொல்லு, அது போதும்”னு சொன்னதால வந்து நிக்கிறேன். பின்வரிசையில் ஆண்கள் சிலர் இருக்கீங்க. எழுந்து போக வேண்டாம். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

அப்ப எனக்கு 28 வயசு. கல்யாணமாகி நாலு வருஷம், குழந்தை இல்லை. வீட்டுக்காரரோட சேர்ந்த பிறகு ரத்தம் பட ஆரம்பிச்சது. கூடவே வாடையோட வெள்ளைப்படுதல். அஞ்சு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. என்னன்னு சொல்றது? உடம்புச் சூடுன்னு நினைச்சு வெந்தயம் ஊற வெச்சுக் குடிச்சேன். ஏற்கெனவே ‘இன்னும் விசேஷம் இல்லையா’ன்னு கேட்கிற ஊரு. இதையும் சொன்னா என்ன பேசுவாங்களோங்கிற பயம்.

கண்டுபிடிச்சது என் மாமியார். துணி அலசும்போது பார்த்துட்டு, “எத்தனை நாளா இப்படி?”ன்னு கேட்டாங்க. நான் அழுதேன். அவங்க திட்டலை. 2000-க்கு அப்புறம் எங்க திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்கள்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை நடந்தது, உங்கள்ல வயசானவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். என் மாமியாரும் போயிருக்காங்க. “நர்ஸ் ஒரு தண்ணியைத் தடவிப் பார்த்தாங்க, அஞ்சு நிமிஷ வேலை. உனக்கும் பார்த்துடலாம் வா”ன்னாங்க.

முதல்ல டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பார்த்துட்டு, “கர்ப்பப்பை வாயில புண் இருக்கு. கர்ப்பப்பையை எடுத்துடலாம். நாளைக்கே அட்மிட் ஆயிடுங்க”ன்னு சொன்னாங்க. சதைப் பரிசோதனை எதுவும் செய்யலை. என் வீட்டுக்காரர் உடனே, “எடுத்துடுங்க, எனக்கு இவ இருந்தா போதும்”னுட்டார். பாசத்துலதான் சொன்னார். ஆனா என்னை யாரும் கேட்கலை. நானும் வாயைத் திறக்கலை. மாமியார்தான், “என்ன நோய்னே சொல்லாம எப்படிங்க எடுப்பீங்க?”ன்னு கேட்டு, என் கையைப் பிடிச்சு வெளியே கூட்டிட்டு வந்துட்டாங்க.

அரசு ஆஸ்பத்திரியில கொஞ்சூண்டு சதை எடுத்துச் சோதிச்சாங்க. பத்து நாள் கழிச்சு முடிவு வந்தது. புற்றுநோய். ஆரம்ப நிலையா இருக்கலாம், சென்னைக்குப் போய்ப் பாருங்கன்னு எழுதிக் கொடுத்தாங்க.

அன்னிக்கு ராத்திரியே எங்க குழு கூடியது. அவசரக் கடன் 20,000 ரூபாய். தீர்மான நோட்டுல காரணம் எழுதணும் இல்லையா? எழுதுறதே நான்தான். பேனா ஓடலை. ஊக்குநர் அக்கா நோட்டை வாங்கி ‘மருத்துவச் செலவு’ன்னு எழுதி, பன்னிரண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கினாங்க. ஒருத்தர்கூட என்ன நோய்னு கேட்கலை. ஆபரேஷன் செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில போச்சு. ரயில், சாப்பாடு, தங்கினதுக்கெல்லாம் இந்தக் கடன்தான்.

சென்னையில எனக்கு வாய்ச்சது ஒரு பெண் மருத்துவர். எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் பார்த்துட்டு, வீட்டுக்காரரையும் மாமியாரையும் வெளியே இருக்கச் சொல்லிட்டு, “உனக்குக் குழந்தை வேணுமா?”ன்னு கேட்டாங்க. என்கிட்ட, என்னை மட்டும். வேணும்னு சொன்னேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆச்சு.

அவங்க ஒரு பானையைக் கவிழ்த்து வரைஞ்சாங்க. பானைதான் கர்ப்பப்பை, குழந்தை வளர்றது அங்கே. கீழ இருக்கிற கழுத்துதான் கர்ப்பப்பை வாய். “உன் கட்டி ஒன்றரை சென்டிமீட்டர், கழுத்துலதான் இருக்கு. 2 சென்டிமீட்டருக்குள்ள இருந்து, மேல பரவாம, நிணநீர்க் கட்டிகளுக்கும் போகாம இருந்தா, கழுத்தை மட்டும் சுத்தியுள்ள சதையோட எடுத்துட்டு பானையை விட்டுடலாம். மீதி வாயை நூலால இறுக்கித் தைச்சுடுவோம்”னாங்க. மாமியாரைக் கூப்பிட்டுச் சொன்னப்ப, அவங்க இடுப்புல இருந்த சுருக்குப்பையை எடுத்துக் காட்டி, “இதுமாதிரியா?”ன்னு கேட்டாங்க. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. அதேதானாம்.

இந்த ஆபரேஷனை 1987-ல செய்து வழிகாட்டினவர் பிரான்ஸ் நாட்டுல லியோன் நகரத்து டேனியல் தார்ஜான்ங்கிற மருத்துவர். 1994-ல மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். அதுவரைக்கும் என்னை மாதிரிப் பெண்களுக்குப் பெரும்பாலும் கர்ப்பப்பையையே எடுத்துடுறதுதான் வழி. நோய் இன்னும் ஆரம்பத்துல, கண்ணுக்கே தெரியாத அளவுல இருந்தா, கழுத்துல கூம்பு மாதிரி ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்தாலே பலருக்குப் போதும்னும் சொன்னாங்க. எனக்கு அந்தக் கட்டம் தாண்டிடுச்சு. அந்த அஞ்சு மாச வெந்தயத்தை நினைச்சுக்கிட்டேன்.

ஒண்ணு மறைக்கக் கூடாது. இது எல்லாருக்கும் ஆகாது. என் பக்கத்துக் கட்டில்ல ஈரோட்டுப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி, 26 வயசு. அதே ஆபரேஷனுக்குத்தான் வந்தா. ஆபரேஷன் நடுவுலயே நிணநீர்க் கட்டியை எடுத்துச் சோதிப்பாங்க. அவளுக்கு அதுல நோய் இருந்தது. நிறுத்திட்டு, கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்தாங்க. கதிர்வீச்சுக்கு அப்புறம் கர்ப்பப்பை குழந்தை தாங்காது. சினைப்பையை மட்டும் கதிர் படாதபடி மேல நகர்த்தி வெச்சாங்க. உயிரோட, நல்லா இருக்கா. ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் பண்ணுவா. என் பொண்ணு பேச்சை நானா எடுக்க மாட்டேன். அவதான் கேட்பா.

ஆமா, எனக்குப் பொண்ணு இருக்கா. ஆனா அது சுலபமா நடக்கலை. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னாங்க. முதல் தடவை உண்டாகி அஞ்சாம் மாசம் பனிக்குடம் உடைஞ்சு போச்சு. கழுத்து இல்லாத பானை, கனம் தாங்கறது கஷ்டம், குறைமாசப் பிரசவத்துக்கு வாய்ப்பு அதிகம்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. சொல்லியிருந்தாலும் மனசு கேட்குதா? அப்ப ஊர்ல சில பேர், “பேசாம அன்னிக்கே எடுத்திருக்கலாம்”னாங்க. நான் பதில் சொல்லலை. ரெண்டாவது தடவை எட்டு மாசம் முடியுற நேரத்துல சிசேரியன். நூல் உள்ளேயே இருக்கிறதால பிரசவம் அறுவைதான். குழந்தை 2 கிலோ 100 கிராம். ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில இருந்தா. இப்ப அங்கே மூணாவது வரிசையில பாட்டி மடியில தூங்குறா பாருங்க.

இந்த நோயைப் பத்திக் கெட்ட பேச்சு நிறைய இருக்கு. சுத்தமில்லாதவளுக்கு வரும், நடத்தை சரியில்லாதவளுக்கு வரும்னு. கிட்டத்தட்ட எல்லாமே ஹெச்பிவி-ங்கிற வைரஸால வர்றது. தாம்பத்தியத்துல இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு வாழ்க்கையில எப்பவாவது தொத்தும், பலருக்குத் தானாவே போயிடும். சிலருக்குப் போகாம தங்கி, பல வருஷம் கழிச்சுப் புற்றா மாறும். ஒரே புருஷனோட வாழுறவளுக்கும் வரும். அதனால யார் மேலயும் பழி போடாதீங்க, புருஷன் மேலயும் பாயாதீங்க.

மாமியார் போன அந்தப் பரிசோதனையைப் பத்திச் சென்னையில டாக்டரம்மா சொன்னாங்க. 30 முதல் 59 வயசு வரைக்கும் 49,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கூப்பிட்டிருக்காங்க. வந்தது 31,000 பேர்தான். (நம்ம மாதாந்திரக் கூட்டத்து வருகையை நினைச்சா அதுவே பெரிசு!) ஏழு வருஷம் பார்த்ததுல, பரிசோதனைக்குக் கூப்பிடாத ஊர்கள்ல நூறு பேர் சாகிற கணக்குன்னா, கூப்பிட்ட ஊர்கள்ல 65 பேர். அசிட்டிக் அமிலம், அதாவது நம்ம வினிகர்ல இருக்கிற அதே பொருளைத் தண்ணியில கலந்து தடவி ஒரு நிமிஷம் பார்ப்பாங்க. மாற்றம் இருக்கிற இடம் வெள்ளையாத் தெரியும். வலி இல்லை. வெள்ளையாத் தெரிஞ்சாலே புற்றுன்னும் அர்த்தமில்லை, மேற்கொண்டு சோதிக்கணும், அவ்வளவுதான்.

30 வயசு தாண்டினவங்களுக்கு நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசமா பார்க்கிறாங்க. 9 முதல் 14 வயசுப் பெண் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியும் இருக்கு, நர்ஸம்மாகிட்ட கேளுங்க. ஆனா ரத்தம் பட்டா 30 ஆகட்டும்னு காத்திருக்காதீங்க. எனக்கு 28. மாதவிலக்கு நின்னு போனவங்களுக்கு மறுபடி பட்டாலும் உடனே போங்க. யாராவது கர்ப்பப்பையை எடுக்கணும்னா, “சதைப் பரிசோதனை செஞ்சீங்களா? எந்த நிலையில இருக்கு? வேற வழி இருக்கா?”ன்னு கேளுங்க. கேட்ட பிறகு எடுக்க வேண்டியதுதான்னா, எடுத்துக்கோங்க.

எங்க குழுவுல பதினொரு பேர் பார்த்துட்டு வந்துட்டாங்க. ஒருத்தர் மட்டும் வெட்கப்படுறாங்க, பேர் சொல்ல மாட்டேன், அவங்களுக்கே தெரியும். வர்ற வாரம் நானும் என் மாமியாரும் கூட வர்றோம்க்கா. போற வழியில டீ என் செலவு. அந்த 20,000-த்துக்கு எப்பவோ கடைசித் தவணை கட்டிட்டேன், கையில காசு இருக்கு.