தேய்த்தால் தடிக்கும் புள்ளி: பயம் வேண்டாம், கவனம் வேண்டும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



வழக்கமா சேமிப்பு, கடன்னுதான் பேசுவோம். இன்னைக்குக் குழந்தைகளுக்கு வரும் ஒரு தோல் நோயைப் பற்றிப் பேசப்போறேன். அபூர்வமா வர்றதுதான். ஆனா வந்த வீட்டில் விவரம் தெரியாம மந்திரிக்கவும், கண்ட களிம்பு வாங்கவும் கடன் ஏறிடும். பிள்ளையையும் ஊரார் ஒதுக்கிடுவாங்க.

இதன் பெயர் மாஸ்டோசைட்டோசிஸ். பெரும்பாலும் 2 வயசுக்குள்ளே உடம்பில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். புள்ளியைத் தேய்த்தால் சில நிமிஷத்தில் சிவந்து, தடிச்சு, அரிக்கும். சிலருக்குக் கொப்புளமும் வரும்.

மாஸ்ட் செல் என்ற அணுக்கள் எல்லார் தோலிலும் இருக்கு. இந்தக் குழந்தைகளுக்கு அது சில இடங்களில் அதிகமா சேர்ந்துடுது. தேய்த்தாலோ சூடு பட்டாலோ, அதிலிருந்து ஹிஸ்டமின் என்ற பொருள் வெளியே வரும். அதனால்தான் அரிப்பு. இது ஒட்டும் நோய் இல்லை. தொழுநோயும் இல்லை. கிரகணத்தாலும் வரவில்லை. பெற்ற தாயைக் குறை சொல்லாதீங்க.

"பொம்பளைப் பிள்ளையாச்சே, இது போகுமா?" என்பதுதான் தாய்மாரின் கவலை. சின்ன வயசில் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு வளர வளரக் குறையும். பலருக்குப் பருவ வயசுக்குள் மறைஞ்சே போகும். சிலருக்குத் தங்கலாம். பெரியவங்களுக்குப் புதுசா வந்தால் பெரும்பாலும் தானாகப் போகாது. உள்ளுறுப்புகளையும் டாக்டர் பரிசோதிக்கணும்.

அதுவரை செய்ய வேண்டியவை:

1. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுங்க. அரிப்பைக் குறைக்க மருந்து இருக்கு.
2. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, நார் போட்டுத் தேய்க்காதீங்க.
3. ஆஸ்பிரின், இப்யூபுரூஃபன் போன்ற வலி மருந்துகளை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீங்க.
4. ஆபரேஷன், பல் பிடுங்குதல் எதுவானாலும் முன்கூட்டியே இந்த நோயைச் சொல்லுங்க. மருத்துவச் சீட்டைப் பத்திரமா வையுங்க.
5. தேனீ, குளவி கொட்டி மயக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்க.

சகோதரிகளே, மறையப்போற புள்ளிக்காக ஒரு குழந்தை அங்கன்வாடியில் தனியா உட்காரக் கூடாது. அப்படி நடந்தால் குழு ஊக்குநரும் பிரதிநிதிகளும் போய்ப் பேசுங்க. வைத்தியத்துக்குன்னு உறுப்பினர் கடன் கேட்டு வந்தால், "எந்த டாக்டர்கிட்ட காட்டினே?" என்று முதலில் கேளுங்க. காட்டலைன்னா ஒருத்தர் துணைக்குப் போங்க.