பாஸ்புக் யார் கையில்?
(காரியாபட்டியில் மகளிர் குழுக் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



"உலகம் அழியப்போகுது, எங்களோட வந்தாத்தான் பிழைப்பீங்க" என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்யணும்?

அமெரிக்காவில் ஜிம் ஜோன்ஸ் என்ற வெள்ளைக்காரப் போதகர் அணுகுண்டுப் போர் வரும் என்று பயங்காட்டினார். "எங்க சபையில் கறுப்பு, வெள்ளை பேதமில்லை" என்றார். நிறவெறியில் நொந்த கறுப்பின மக்கள், அதிலும் பெண்கள், நம்பிச் சேர்ந்தார்கள். சபையில் அவர்கள்தான் அதிகம். அதிகாரமோ பெரும்பாலும் வெள்ளையர் கையில். தென் அமெரிக்காவில் கயானா நாட்டுக் காட்டுக்குக் கூட்டிப்போய், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வயதானவர்களின் பென்ஷனும் சபைக்கே போனது. 1978 நவம்பர் 18-ல் 900 பேருக்கு மேல் மாண்டார்கள், பெரும்பாலும் விஷத்தால். அதில் சுமார் 300 பேர் பிள்ளைகள்.

அன்று காலையிலேயே லெஸ்லி வில்சன் என்ற கறுப்பின இளம்பெண், 3 வயது மகனை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுவழியே நடந்து தப்பினார். தாய், கணவர், உடன்பிறந்தவர்களை இழந்தார். பல வருஷம் தவித்து, மீண்டு, 2009-ல் தன் கதையைப் புத்தகமாக எழுதினார்.

நம்ம ஊரிலும் "எல்லாரும் ஒண்ணு" என்பார்கள். வாய்ப்பேச்சை விட்டு, யார் சமைக்கிறார், யாருக்குத் தனி டம்ளர், கணக்கு யாரிடம் என்று பார்ப்போம். பாஸ்புக்கும் ரேஷன் கார்டும் நம்ம கையிலேயே இருக்கட்டும். அப்படி ஒரு இடத்திலிருந்து வெளியேறி வரும் பெண்ணைக் கேலி பேசாமல், குழுவில் சேர்த்துக்கொள்வோம்.