விடை மட்டும் போதாது
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மத்திய அரசுப் பணியில் இருந்தபோது பல தேர்வுக் குழுக்களில் உறுப்பினனாக அமர்ந்திருக்கிறேன். ஆகவே இன்டர்வியூ என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியவன் என் பேரன்.

சாஃப்ட்வேர் இன்ஜினீயர் வேலைக்கு அவன் விண்ணப்பித்தான். முதலில் கம்ப்யூட்டரிலேயே ஒரு தேர்வு. அதில் தேறினான். அடுத்து வீடியோ மூலம் நேர்முகம். கேள்வி இதுதான்: ஓர் எண் பட்டியலில், கூட்டினால் 100 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க புரோகிராம் எழுத வேண்டும்.

ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் 1,000 எண்கள் இருந்தால் ஏறக்குறைய 5 லட்சம் ஜோடிகள் ஆகிவிடும். இதைவிடச் சிறந்த வழி நம் ஆபீஸ் ரிஜிஸ்டர் போன்றது. 37 வந்தால், 63 ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் 37ஐப் பதிந்துவிட்டு மேலே போகலாம். பட்டியலை ஒரு முறை படித்தாலே வேலை முடிந்துவிடும். இந்தப் பதிவேட்டுக்கு ‘ஹாஷ் டேபிள்’ என்று பெயர்.

இந்த வழி பேரனுக்குத் தெரியும். வாய் திறக்காமல் யோசித்து, சரியாகவே எழுதினான். “என்ன யோசிக்கிறீர்கள்?” என்று எதிரே இருந்தவர் இரண்டு முறை கேட்டாராம். “ஒரு நிமிஷம் சார்” என்றானாம். ஒரு வாரத்தில் நிராகரித்து மின்னஞ்சல் வந்தது. காரணம் சொல்லவில்லை.

“விடை தெரிஞ்சும் கோட்டை விட்டுட்டியேடா” என்றேன். அன்றிலிருந்து இன்டர்வியூ பற்றி என்னிடம் பேசுவதையே அவன் நிறுத்திவிட்டான்.

பிறகு, இத்துறையில் ஆள் எடுக்கும் நம் அங்கத்தினர் ஒருவர் எனக்கு விளக்கினார். பரீட்சை ஹாலில் பேசக்கூடாது என்று பதினாறு வருஷம் பழக்குகிறோம். அங்கேயோ பேசாதவனை எடைபோட வழியில்லை. மைனஸ் எண்கள் வருமா, ஒரே எண் இரண்டு முறை வருமா என்று முதலில் கேட்க வேண்டும். எளிய வழியைச் சொல்லி, அதன் குறையையும் சொல்ல வேண்டும். சிறந்த வழிக்கு அதிக மெமரி செலவாகும் என்பதையும் சொல்ல வேண்டும். நாளை உடன் வேலை செய்யப்போகிறவன் எப்படி யோசிக்கிறான் என்பதுதான் சோதனை.

இந்த முறையும் குற்றமற்றதல்ல. ‘ஹோம்ப்ரூ’ என்ற பிரபலமான மென்பொருளை உருவாக்கியவர் மேக்ஸ் ஹௌவல். பைனரி ட்ரீ ஒன்றைத் திருப்பிப் போடத் தெரியாததால் கூகுள் தன்னை நிராகரித்ததாக 2015இல் அவரே எழுதினார். நம் மத்திய அரசும் குரூப் சி, கெஜட் பதிவு பெறாத குரூப் பி பதவிகளுக்கு நேர்முகத் தேர்வை 2016 ஜனவரி முதல் கைவிட்டது. நான் அமர்ந்திருந்த குழுக்களில் எத்தனை பேரைத் தவறாக எடைபோட்டோமோ! நிராகரிப்பு என்பது அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றிய தீர்ப்பு. பிள்ளையைப் பற்றிய தீர்ப்பு அல்ல.

பேரனிடம் வருத்தம் தெரிவித்தேன். இப்போது மாலை வேளைகளில் காகிதத்தில் எழுதிக்கொண்டே உரக்கச் சொல்கிறான். புரியாத இடத்தில் நான் நிறுத்துகிறேன். அந்தக் காலத்து பி.எஸ்ஸி. பௌதிகக்காரனுக்கே புரிந்தால் எவருக்கும் புரியும் அல்லவா? வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு இன்டர்வியூவுக்குப் பிறகும் நடந்ததை என்னிடம் வந்து சொல்கிறான்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு திரும்பும் பிள்ளையிடம், “கிடைச்சுதா?” என்று கேட்காமல், “என்ன கேட்டா, நீ என்ன சொன்னே?” என்று கேளுங்கள். சாஃப்ட்வேர் துறையில் இருக்கும் அங்கத்தினர்கள் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, நம் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் மாதிரி நேர்முகம் நடத்தித் தர வேண்டும். காரியதரிசியிடம் பெயர் கொடுங்கள். காபிக்கு நான் பொறுப்பு.