நம்ம பேட்ச் பொண்ணுங்க இப்போ எங்க இருக்காங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கோம்.)

அம்பத்தூர்ல இருந்து பேசறேன். நடுவுல ட்ரெயின் சத்தம் கேட்டா அது அரக்கோணம் லோக்கல். எடிட்ல தூக்க முடியல, பொறுத்துக்கோங்க.

இன்னிக்கு உங்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்க காலேஜ் கிளாஸ் போட்டோவை எடுங்க. பொண்ணுங்க நிக்கற வரிசையில ஒவ்வொரு முகமா பாருங்க. இவ எந்த ஊர்ல இருக்கா? என்ன பண்ணிட்டு இருக்கா? எந்த நம்பருக்கு போன் போட்டா எடுப்பா? எத்தனை பேருக்கு இந்த மூணுக்கும் பதில் தெரியும்? பசங்க வரிசையில நீங்க பாஸ் ஆயிடலாம். பொண்ணுங்க வரிசையில பாதியிலேயே நின்னுடுவீங்க.

"கல்யாணமாச்சு, போயிட்டா, அவ்ளோதான்"னு சொல்லிட்டு நகர்ந்துடறோம். நான் சாஃப்ட்வேர்ல இருக்கறதால எனக்கு இது வேற மாதிரி தெரியுது. ஒரு டேட்டாபேஸ்ல ஒருத்தரை அடையாளம் வெச்சுக்க மாறாத ஒரு கீ வேணும். நம்ம ஊர்ல ஒரு பொண்ணோட விவரத்துல மாறாதது எது? பேருக்கு முன்னாடி இருந்த அப்பா இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வருது. காலேஜ் ரெக்கார்டுல இருக்கிற 'நிரந்தர முகவரி' அம்மா அப்பாவோட வீடு. அது வாடகை வீடா இருந்தா அவங்களும் மாறிப் போயிருப்பாங்க. காலேஜ் கொடுத்த மெயில் ஐடி படிப்பு முடிஞ்சதும் பெரும்பாலும் மூடிடும். துபாய்க்கோ டெக்ஸஸுக்கோ போனா நம்பரும் மாறும். 120 நாள் தொடாத வாட்ஸ்அப் கணக்கை அந்தக் கம்பெனியே நீக்கிடுது. ரீசார்ஜ் பண்ணாம விட்ட பழைய நம்பர் கொஞ்ச நாள்ல வேற ஒருத்தர் கைக்குப் போயிடும். இது எல்லாமே பெரும்பாலும் ஒரே ஆறு மாசத்துக்குள்ள நடக்கும். பசங்களுக்கு இந்த மாதிரி எல்லாம் ஒண்ணா மாறற ஒரு சம்பவம் வாழ்க்கையில வர்றதே இல்ல.

சரி, தொலைஞ்சா என்ன? ஃபேஸ்புக்ல ஒருநாள் கண்டுபிடிச்சா போச்சுன்னு தோணலாம். இங்கதான் நான் உங்களை ஒரு 85 வருஷம் பின்னாடி கூட்டிட்டு போகணும்.

ஹாஸ்டல்ல ஒரே ஒருத்தி

கிண்டி இன்ஜினியரிங் காலேஜ், 1940. அங்க அதுவரைக்கும் பொண்ணுங்களே கிடையாது. அந்த வருஷம் எலக்ட்ரிக்கல் படிக்க அ. லலிதா சேர்றாங்க. கல்யாணம் ஆகி, குழந்தை பிறந்து, 18 வயசுலயே கணவரை இழந்தவங்க. அவங்க அப்பா பப்பு சுப்பாராவ் அதே காலேஜ்ல எலக்ட்ரிக்கல் பேராசிரியர். அவர் பிரின்சிபால் கே.சி. சாக்கோகிட்ட பேசி அனுமதி வாங்கறாரு. சீட் கிடைச்சாச்சு. ஆனா நூத்துக்கணக்கான பசங்க இருக்கிற காலேஜ், ஹாஸ்டல்ல தனியா ஒரே ஒரு பொண்ணு. எத்தனை நாள் தாங்கும்?

இதுக்கு அவங்க அப்பா பண்ணின வேலைதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்சது. பொண்ணைத் தைரியமா இருன்னு சொல்லி விட்டுடல. 'இங்க பொண்ணுங்களும் இன்ஜினியரிங் படிக்கலாம்'னு விளம்பரம் கொடுக்க வெச்சாரு. அதைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க. லீலம்மா ஜார்ஜ், பி.கே. த்ரேசியா. ரெண்டு பேரும் சிவில். லலிதாவுக்கு ஒரு வருஷம் ஜூனியர். ஆனா உலகப் போர் நடந்துட்டு இருந்ததால படிப்பைக் கொஞ்சம் முன்னாடியே முடிச்சுவிட்டாங்க, மூணு பேரும் ஒண்ணாவே வெளிய வந்தாங்க. சர்டிஃபிகேட்ல 'அவன்'னு மட்டும்தான் ஆங்கிலத்துல அச்சாகி இருந்துச்சு. அதை அடிச்சுட்டு 'அவள்'னு எழுதிக் கொடுத்தாங்க.

கவனிச்சீங்களா? இங்க ஒரு செய்திதான் கிளாஸ்மேட்டையே உண்டாக்கியிருக்கு. 'இங்க ஒருத்தி இருக்கா'ங்கற தகவல் வெளிய போனதாலதான் இன்னும் ரெண்டு பேர் வந்தாங்க.

அதுக்கப்புறம்? த்ரேசியா பொதுப்பணித் துறையில சேர்ந்து, 1971-ல கேரளாவோட தலைமைப் பொறியாளர் ஆனாங்க. லலிதா கல்கத்தாவுல ஒரு பெரிய எலக்ட்ரிக்கல் கம்பெனியில மின்பாதை, துணை மின்நிலைய டிசைன் பண்ணினாங்க. பக்ரா நங்கல் அணை மின்திட்ட வேலையிலயும் அவங்க பங்கு உண்டு. ஆனா வேலை செய்யற இடத்துல சுத்தி முழுக்க ஆண்கள்தான். அவங்களை மாதிரி இன்னொருத்தியைப் பார்க்கணும்னா கடல் தாண்டணும். 1964-ல நியூயார்க்ல பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளுக்கான முதல் சர்வதேச மாநாடு நடந்தப்போ அங்க போனாங்க. அடுத்த வருஷம் லண்டன்ல இருக்கிற பெண் பொறியாளர் சங்கத்துல முழு உறுப்பினர் ஆனாங்க. 1967-ல இங்கிலாந்துல ரெண்டாவது மாநாடு நடந்தப்போ அதுக்கான இந்தியப் பிரதிநிதியா இருந்தாங்க.

அந்த லண்டன் சங்கம் 1919-ல ஆரம்பிச்சது. ஆரம்பிச்ச வருஷமே ஒரு பத்திரிகையும் தொடங்கிட்டாங்க. ஒவ்வொரு ஃபேக்டரியிலயும் ஒருத்தி ரெண்டு பேர்னு சிதறிக் கிடந்தவங்களுக்கு, யார் எங்க என்ன பண்றாங்கன்னு ஒரே இடத்துல படிக்கக் கிடைச்சுது. நம்ம இப்போ வாட்ஸ்அப் குரூப்புல பண்ண நினைக்கிறதை அவங்க 100 வருஷம் முன்னாடி அச்சு போட்டுப் பண்ணினாங்க.

மெரினாவுல ஒரு காலேஜ்

இன்னொரு கதை நம்ம ஊர்லயே. பீச் ரோட்டுல போகும்போது குயின் மேரிஸ் காலேஜைப் பார்த்திருப்பீங்க. 1914-ல 37 மாணவிகளோட ஆரம்பிச்ச காலேஜ். முதல் பிரின்சிபால் டோரதி டி லா ஹே. 2003-ல தமிழ்நாடு அரசு அந்த இடத்துல புது தலைமைச் செயலகம் கட்டப் போறதா அறிவிச்சுது. மாணவிகள் உள்ளேயே உட்கார்ந்து போராடினாங்க. படிச்சு முடிச்சுட்டுப் போன பழைய மாணவிகளும் அவங்களோட சேர்ந்தாங்க. கடைசியில அந்தத் திட்டம் அங்க வரல. காலேஜ் இன்னிக்கும் அதே இடத்துல இருக்கு.

அப்போ வாட்ஸ்அப் கிடையாது. ஒரு காலேஜுக்கு ஆபத்துன்னு ஒரு தகவல் வந்தா, அதைக் கேட்டு வர்றதுக்கு ஆள் இருக்கணும். அவங்க யாருன்னு இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்தத் தொடர்பை அன்னிக்குக் காலையில உட்கார்ந்து உருவாக்க முடியாது.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வருவோம். ஆவடி, பூந்தமல்லி ரோட்டுல காலையில ஏழு மணிக்கு நின்னு பாருங்க. வரிசையா காலேஜ் பஸ். இந்தப் பக்கம் இத்தனை இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு. ஆனா படிச்சு முடிச்சவங்களை காலேஜ் எப்போ தேடுது? பெரும்பாலும் 'நாக்' மதிப்பீடு வரும்போது. அந்த மதிப்பீட்டுல முன்னாள் மாணவர் பங்களிப்பையும் பார்ப்பாங்க. அதனால திடீர்னு போன் வரும், "அலும்னி மீட் இருக்கு, வந்துடுங்கம்மா, போட்டோ எடுக்கணும்"னு. போறதுல தப்பில்ல. சமோசா கிடைக்கும். ஆனா அந்த லிஸ்ட்ல இருக்கறது, ஏற்கெனவே எல்லாருக்கும் எங்க இருக்காங்கன்னு தெரிஞ்ச ஆளுங்கதான். தொலைஞ்சவங்க அதுல இருக்க மாட்டாங்க.

எது செய்தி?

எங்க பேட்ச் குரூப்பும் எல்லாரோடதையும் போலத்தான் இருந்துச்சு. பிறந்தநாள் கேக் எமோஜி, குட் மார்னிங், 'ஹாப்பி டு அனௌன்ஸ்'னு லிங்க்ட்இன்ல இருந்து வந்த ஸ்க்ரீன்ஷாட். கல்யாணம், குழந்தை, ப்ரோமோஷன், ஆன்சைட், வீடு கிரகப்பிரவேசம். இந்த அஞ்சுதான் செய்தி. இந்த அஞ்சுல எதுவும் இல்லாதவங்க சும்மா படிச்சுட்டுப் போயிடுவாங்க. கொஞ்ச நாள்ல அதையும் படிக்க மாட்டாங்க. அப்புறம் ஒருநாள் 'லெஃப்ட்'னு வரும்.

போன வருஷம் நாங்க நாலு பேர் சேர்ந்து ஒண்ணு ஆரம்பிச்சோம். பெரிய விஷயமெல்லாம் இல்ல. கிளாஸ்ல இருந்த பொண்ணுங்க பேரை ஆளுக்குப் பன்னெண்டு பன்னெண்டா பிரிச்சுக்கிட்டோம். மூணு மாசத்துக்கு ஒருமுறை ஒவ்வொருத்தியையும் தனியா கூப்பிடணும். குரூப்புல பொதுவா "எல்லாரும் எப்படி இருக்கீங்க"ன்னு கேட்டா யாரும் பதில் சொல்ல மாட்டாங்க. தனியா கேட்டா சொல்வாங்க. நாலே கேள்வி. எந்த ஊர்ல இருக்க? நாள் எப்படிப் போகுது? எதாவது தேடிட்டு இருக்கியா? நீ யாருக்காவது எதாவது சொல்லித் தர முடியுமா? பதில் வாய்ஸ் நோட்டா வந்தா போதும். அதை ஆளுக்கு மூணு வரின்னு எழுதி, அவங்ககிட்ட காட்டி சரின்னு சொன்ன பிறகு, ஒரே பக்கமா குரூப்புல போடறோம். ப்ரோமோஷன் வாங்கினவளுக்கும் மூணு வரி, வீட்ல இருக்கறவளுக்கும் மூணு வரி.

முதல் முறை போன் போட்டப்போ பாதிப் பேர் சொன்னது ஒரே வாக்கியம்: "என்கிட்ட சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லடி." அப்புறம் அரை மணி நேரம் பேசினாங்க.

ஒருத்தி திருநின்றவூர்ல இருக்கா. கிளாஸ்ல நல்ல கோடர். குழந்தை பிறந்த பிறகு வேலையை விட்டு நாலு வருஷம் ஆகுது. அவ கொடுத்த மூணு வரி இதுதான்: "வேலைக்குத் திரும்ப வரணும். எங்க ஆரம்பிக்கறதுன்னு தெரியல. இன்டர்வியூல நாலு வருஷம் என்ன பண்ணீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" இதைப் போடலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சுட்டுத்தான் சரின்னு சொன்னா. அந்தப் பக்கம் போன அன்னிக்கு ராத்திரி அவளுக்கு அஞ்சு பேர் தனியா மெசேஜ் பண்ணினாங்க. அதுல ரெண்டு பேர் அதே நிலைமையில இருக்கறவங்க. அதுல ஒருத்தி, எல்லாரும் செட்டில் ஆயிட்டான்னு நினைச்சுட்டு இருந்தவ. இப்போ மூணு பேரும் ஞாயித்துக்கிழமை மதியம், குழந்தைங்க தூங்கற நேரத்துல, கால்ல உட்கார்ந்து ஒண்ணா ப்ராக்டிஸ் பண்றாங்க. ஒருத்திக்கு ரெஃபரல் கிடைச்சு வேலைக்குப் போயிட்டா. திருநின்றவூர்க்காரி ரெண்டு இன்டர்வியூ போனா, ரெண்டும் கிடைக்கல. மூணாவதுக்குப் படிச்சுட்டு இருக்கா.

யோசிச்சுப் பாருங்க. அவளுக்கு உதவக்கூடிய அஞ்சு பேரும் அதே குரூப்புல இத்தனை வருஷமா இருந்தாங்க. அவளும் இருந்தா. அந்த மூணு வரி மட்டும்தான் இல்ல.

சில கண்டிஷன்ஸ்

நீங்களும் இதை ஆரம்பிக்கறதா இருந்தா, எங்களுக்கு உபயோகமா இருந்த சில விஷயங்களைச் சொல்றேன்.

ஒண்ணு, நம்பர் லிஸ்ட்டை யாரும் திறக்கற மாதிரி ஷீட்டா போட்டு லிங்க் அனுப்பாதீங்க. பொண்ணுங்க நம்பர், ஊர், கம்பெனி எல்லாம் ஒரே இடத்துல இருக்கிற ஷீட் தப்பான ஆள்கிட்ட போனா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டாம். கூப்பிடற நாலு பேர்கிட்ட மட்டும் இருக்கட்டும்.

ரெண்டு, பேரை எழுதும்போது காலேஜ்ல கூப்பிட்ட பேரையும் அப்போ இருந்த இனிஷியலையும் வைங்க. புதுப் பேர் அவங்க விருப்பம். அந்தப் பழைய பேரும் ரோல் நம்பரும்தான் நமக்கு மாறாத கீ.

மூணு, "ஏன் இன்னும் கல்யாணம் ஆகல", "ஏன் குழந்தை இல்ல"ன்னு நாலு கேள்வியில எங்கயும் வரக்கூடாது. அதை எல்லாம் கேட்க சொந்தக்காரங்க இருக்காங்க. ஒருத்தி பிரிஞ்சு வந்திருக்கலாம், உடம்பு சரியில்லாம இருக்கலாம். அவ சொன்னா மட்டும், சொன்ன அளவுக்கு மட்டும். "இந்த தடவை என் பேர் வேண்டாம்"னு சொன்னா, சரின்னு சொல்லிட்டு அடுத்த தடவையும் கூப்பிடுங்க.

நாலு, கூப்பிடற வேலையை வருஷத்துக்கு ஒருமுறை கை மாத்துங்க. ஒரே ஆள் பண்ணினா அவளுக்குக் குழந்தை பிறந்த அன்னிக்கு எல்லாமே நின்னுடும்.

அஞ்சு, நம்பர் மாத்தறவங்ககிட்ட வாட்ஸ்அப் செட்டிங்ஸ்ல இருக்கிற 'சேஞ்ச் நம்பர்' வழியா மாத்தச் சொல்லுங்க. குரூப் எல்லாம் அப்படியே புது நம்பருக்கு வந்துடும். புது சிம் போட்டு முதல்ல இருந்து ஆரம்பிச்சாத்தான் தொலைஞ்சு போறது.

எங்க லிஸ்ட்ல இன்னும் ஏழு பேரைக் கண்டுபிடிக்க முடியல. ஒருத்தியோட அம்மா பட்டாபிராம்ல காய்கறிக் கடை வெச்சிருந்தாங்கன்னு ஒரு ஃப்ரெண்டுக்கு ஞாபகம் இருக்கு. அடுத்த வாரம் ரெண்டு பேர் நேர்லயே போய் விசாரிக்கப் போறாங்க.

இந்த எபிசோடைக் கேட்கற பசங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்க பேட்ச் குரூப்புல அட்மின் நீங்கதான்னா, உள்ள எத்தனை பொண்ணுங்க இருக்காங்க, கடைசி ஒரு வருஷத்துல அவங்கள்ல எத்தனை பேர் ஒரு வரியாவது எழுதியிருக்காங்கன்னு ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. அப்புறம் கிளாஸ்ல பேசற பழக்கம் உள்ள ஒரு பொண்ணுகிட்ட சொல்லி இந்த வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஆள் தேட, நம்பர் பிடிக்க நீங்க கூட நில்லுங்க.

போட்டோவைக் கையில வெச்சிருக்கீங்கல்ல? பதில் தெரியாத முதல் முகம் யாரோ, அவளை இந்த வாரம் தேடுங்க. கிடைச்சா என்ன பேசினீங்கன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க, பேர் சொல்லாம. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.